கேட்காமல் விட்ட முதல் கேள்வி

“உங்களுக்கு எதைக் கேக்கணும்னு ரொம்ப ஆசை?”

காது மெஷின் கடையில் புதிதாக யார் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதலில் இந்தக் கேள்விதான். பெயர், வயது, எந்தக் காது, எத்தனை வருஷமாக மந்தம் என்பதெல்லாம் பிறகு. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இன்ஜின் சத்தம் என்றார். மூன்று பிள்ளை பெற்ற ஒரு அம்மாள், கடைக்குட்டி மாடிப்படி ஏறி வரும் சத்தம் என்றாள். இன்னொருவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல், பக்கத்து அறையில் மருமகள் போனில் என்ன பேசுகிறாள் என்று தெரியணும் என்றார். தெரிந்தும் தொலைத்தது. மறுவாரமே வந்து சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொன்னார்.

பதில் எதுவானாலும் அதை அட்டையின் முதல் வரியில் எழுதிக்கொண்டு, அதற்குத் தகுந்தபடிதான் மெஷினைத் திருத்துவாள் காதுக்காரம்மா. அக்கம்பக்கத்தில் அவளுக்கு அதுதான் பெயர். பதினான்கு வருஷமாக ஜனங்களுடைய காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்! முதலாளிக்கு மூன்று கடை, அவர் இருப்பது வேறு ஊர். மாதம் ஒரு முறை தலை காட்டுவார். மற்ற நாளெல்லாம் அங்கே அவள் வைத்ததுதான் சட்டம்.

அந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறதி என்று சொன்னால் பொய். வேண்டுமென்றேதான் கேட்கவில்லை.

அந்த ஆளை அவள் போகும் கிறிஸ்தவ சபையில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். முப்பது வருஷமாகப் பாடகர் குழுவை நடத்துகிறவர். வேலை பார்த்த காலத்தில் தபால் பிரித்தார், ஓய்வு பெற்ற பிறகு முழு நேரமும் பாட்டு. நல்ல ஞானம், பொல்லாத வாய். யாராவது இம்மியளவு சுருதி இறங்கினால் போதும், கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவிட்டு நறுக்கென்று ஒன்று சொல்லுவார். சொன்ன அடுத்த நிமிஷம் அவருக்கு மறந்துபோகும். வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு மறக்குமா?

காதுக்காரம்மாவுக்கு மறக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோவில் முன்வரிசை. கழுத்தில் ஒரு கட்டி வந்து ஆபரேஷன் ஆயிற்று. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, குரலுக்குத்தான் அடி. இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்துவிட்டு, ஆசை ஆசையாகப் பயிற்சிக்குப் போனாள். தன் குரல் பழையபடி இல்லை என்று அவளுக்கே தெரியும், அதனால் பின்வரிசையில் ஓரமாக நின்றாள். ஆர்கன் வாசித்தது. எல்லோரும் பாடினார்கள், அவளும் பாடினாள். மாஸ்டர் கையை உயர்த்தினார்.

“பின்னாடி யாரோ தகர டப்பாவை உருட்டுறாங்க. அதை முதல்ல வெளிய வைங்கப்பா.”

முப்பது பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை, பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் பாட்டுப் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். யாராவது கூப்பிடுவார்கள் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே அடுத்த சரணம் ஆரம்பித்துவிட்டது.

அன்றோடு பாட்டுக்கு முழுக்கு. சபையை விடவில்லை, ஞாயிறு தவறாமல் போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் குளியலறையில்கூட ஒரு வரி முணுமுணுத்தது கிடையாது. மாஸ்டர் வந்து ஒரு வார்த்தை சொல்லுவார் என்று முதல் வருஷம் பூராவும் எதிர்பார்த்தாள். இரண்டாவது வருஷம், வரமாட்டார் என்று புரிந்தது. அப்புறம் எதிர்பார்ப்பு போய்விட்டது, கசப்பு மட்டும் தங்கிவிட்டது.

அந்தக் கசப்புக்குத் தீனி போட வீட்டிலும் ஆள் இருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். சாவி தொலைத்த வீடெல்லாம் அவருக்குச் சொந்தம் மாதிரி. மாஸ்டர் மேல் அவளுக்கு இருந்த கோபத்தைவிட அவருக்கு இருந்த கோபம் ஒரு சுற்று பெரியது. சபை வாசலில் மாஸ்டர் எதிரே வந்தால் இவர் குனிந்து செருப்பைச் சரிசெய்வார். எட்டு வருஷமாகச் சரிசெய்தும் அந்தச் செருப்பு சரியாகவில்லை. “இன்னிக்கு நாலு தடவை இருமுனான் பாத்தியா? நல்லா வேணும்,” என்பார் வீட்டுக்கு வந்து. அவளும் “நீங்க வேற” என்று சொல்லிக்கொண்டே அதை ரசிப்பாள். மனசு அப்படித்தான் இருந்தது, என்ன செய்ய?

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த மாஸ்டரே கடைக்கு வந்தார், மனைவி கையைப் பிடித்துக்கொண்டு.

“ஏம்மா, நீ நம்ம சபைதானே?” என்றார் அவளைப் பார்த்து.

நம்ம சபைதானே! எட்டு வருஷமாக அவள் தினமும் மனசுக்குள் இந்த மனுஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், இவருக்குத் தன் முன்வரிசையில் பாடியவளே யாரென்று அரைகுறையாகத்தான் தெரிகிறது. கோபத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் “ஆமா மாஸ்டர், உக்காருங்க” என்றாள்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். காது சுத்தமா என்று பார்த்தாள், கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்தாள், காதுத் துளைக்கு அச்சு எடுத்தாள், பத்து நாளில் மெஷின் வந்ததும் பொருத்திப் பேசிக் காட்டினாள். யாரும் குற்றம் சொல்ல முடியாது. அட்டையின் முதல் வரியை மட்டும் காலியாக விட்டாள். கேட்டால் அவர் ‘பாட்டு’ என்று சொல்லுவார், சொல்லிவிட்டால் செய்துகொடுத்தாக வேண்டுமே.

விஷயம் இதுதான். காது மெஷினில் விசில் தடுப்பு என்று ஒன்று உண்டு. மெஷினிலிருந்து வரும் சத்தம் வெளியே கசிந்து மறுபடி அதற்குள்ளேயே போனால் கீச்சென்று விசிலடிக்கும். அதைத் தடுப்பதற்காக, ஒரே சீராக நீளமாக எந்தச் சத்தம் வந்தாலும் மெஷின் அதை விசில் என்று நினைத்து உலுக்கிக் கலைத்துவிடும். பேச்சுக்கு இது பிரமாதம், பேச்சில் யார் அப்படி இழுக்கிறார்கள்? ஆனால் ஆர்கனும் சோப்ரானோவும் இழுப்பதைத் தவிர வேறு என்ன செய்யும்? அதனால் பாடுகிறவர்களுக்குத் தடுப்பை எடுத்துவிட்டுத் தனியாக ஒரு அமைப்பு வைத்துக் கொடுக்க வேண்டும். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் பேச்சு, இன்னொரு தடவை அழுத்தினால் பாட்டு. ஐந்து நிமிஷ வேலை.

கம்ப்யூட்டரில் அந்த இடம் வரைக்கும் அவள் கை போனது. போனது அப்படியே திரும்பி வந்தது. ‘அவர் கேக்கலையே’ என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து மாஸ்டர் மறுபடி வந்தார். பேச்சு நன்றாகக் கேட்கிறது, டி.வி. கேட்கிறது, மனைவி திட்டுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது என்று சிரித்தார். பிறகு, “ஆனா இந்த ஆர்கன் மட்டும் ஒரு மாதிரி நடுங்குதும்மா” என்றார்.

“பழகப் பழகச் சரியாயிடும்,” என்றாள் காதுக்காரம்மா.

சரியாகாது என்று அவளுக்குத் தெரியும். பச்சைப் பொய். அவர் “அப்படியா, சரிம்மா” என்று நம்பிப் போனார். அவரை அனுப்பிவிட்டு அவள் டீ குடித்தாள். டீ நன்றாகத்தான் இருந்தது.

இது நடந்து பத்து வாரம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவளுடைய மகள் பயிற்சி முடிந்து வந்தாள். அவள் கீழ்க்குரலான ஆல்டோ பாடுகிறவள், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். அம்மாவின் கதை தெரிந்தும் பாடகர் குழுவில் சேர்ந்ததற்காக அப்பா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. வந்தவள் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள், கை வைக்கவில்லை.

“அம்மா, மாஸ்டர் பாட்டை விட்டுடறாராம். வர்ற ஞாயிறுதான் கடைசி.”

“ஏனாம்?” என்றார் அப்பா, கொஞ்சம் உற்சாகமாகவே.

“காது போச்சுங்கறார். முதல்ல ஆர்கன்தான் பழுதுன்னார். ரிப்பேர்காரர் வந்து ரெண்டு நாளா எல்லாத்தையும் கழட்டி மாட்டிட்டு, ஒண்ணுமே இல்லன்னுட்டார். அப்புறம் ஆர்கன் வாசிக்கிற பொண்ணுக்குக் கை நடுங்குதுன்னு திட்டி, அது ஒரே அழுகை. அப்புறம் நாங்க எல்லாரும் நடுங்குறோம்னார். இன்னிக்குப் பாதிப் பாட்டுல நிறுத்திட்டு, ‘நடுங்குறது நீங்க இல்ல பிள்ளைங்களா, என் தலைக்குள்ளதான் ஏதோ கெட்டுப்போச்சு. இத்தனை நாள் திட்டினதை மனசுல வச்சுக்காதீங்க’ன்னு சொன்னார். சொல்லிட்டு அழுதுட்டார்ம்மா.”

“அழட்டும்,” என்றார் அப்பா.

“அப்பா!”

காதுக்காரம்மா மகளின் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்தத் தலைக்குள் ஒன்றும் கெடவில்லை என்று. ஐந்து நிமிஷ வேலையை அவள் செய்யவில்லை என்பதற்காக ஒரு மனுஷர் முப்பது வருஷப் பாட்டை விடுகிறார். இதுதானே அவள் கேட்டது? அவர் ஒரு நாள் வெளியே போய் வாசலில் நிற்க வேண்டும் என்றுதானே எட்டு வருஷமாக ஆசைப்பட்டாள்? இதோ, போகிறார். சந்தோஷம் எங்கே?

சாப்பிட்டு முடித்ததும் மூன்று பேரும் சேர்ந்து ஜெபம் பண்ணுவது அந்த வீட்டு வழக்கம். கடைசியில் எல்லோருமாக ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்ற அந்தப் பழைய ஜெபத்தைச் சொல்லுவார்கள். மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது காதுக்காரம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் தொண்டை கரகரக்கும். எட்டு வருஷமாக அந்த வரிக்கு இருமல், அடுத்த வரிக்குக் குரல். வீட்டில் இருவருக்கும் தெரியும், கேட்டுக்கொள்வதில்லை.

அன்றைக்கு அவள் இருமவில்லை. அந்த வரி வந்தபோது வாயைத் திறந்து, சொல்ல முடியாமல் திறந்தபடியே இருந்தாள். அந்த வரியில் இரண்டு பாதி இருக்கிறது. நாங்கள் மன்னிக்கிறோம் என்பது ஒரு பாதி. எங்களை மன்னியும் என்பது மற்றது. இத்தனை நாள் முதலாவதைத் தவிர்க்கப் போய் இரண்டாவதையும் சேர்த்தே விட்டிருக்கிறாள், அது தனக்கு அவசரமாகத் தேவைப்படும் என்று நினைக்கவே இல்லை. இன்றைக்குத் தேவைப்பட்டது. அந்தப் பாதி இல்லாமல் அவளால் எழுந்திருக்க முடியாது போலிருந்தது.

மற்றவர்கள் ஆமென் சொல்லிவிட்டு எழுந்தார்கள். அவள் சமையலறைக்குப் போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

“ஆண்டவரே, அவர் செஞ்சதும் தப்புதானே? நீர் அங்கதானே இருந்தீர், பாத்துக்கிட்டுத்தானே இருந்தீர்?” என்று குழாய்த் தண்ணீர் சத்தத்தில் முணுமுணுத்தாள். அவளுக்கு ஆண்டவரிடம் நயமாகப் பேசத் தெரியாது. “நான் வாசல்ல நின்னப்ப ஒருத்தரும் கூப்பிடலையே. சரி, போகட்டும். அதை நான் வச்சிருந்து என்ன கண்டேன்? வச்சிருந்ததுலதான் இவ்வளவு கெட்டவளா ஆயிட்டேன். இந்தாரும், எடுத்துக்கும். அந்தத் தகர டப்பா வார்த்தையை விட்டுட்டேன். என்னை மன்னியும்.”

வானம் ஒன்றும் திறக்கவில்லை. ஒரு தட்டு மட்டும் கை நழுவி விழுந்தது, உடையவில்லை. படுக்கப் போகும்போது பழைய கோபம் வழக்கம்போல எட்டிப் பார்த்தது. ‘உன்னைத்தான் விட்டாச்சே, போ’ என்றாள். காலையில் மறுபடி வந்தது, மறுபடி அதையே சொன்னாள். அது லேசில் போகிற விருந்தாளி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் முன்னைப்போல அதற்கு நாற்காலி போட்டு உட்காரவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு பழைய பூட்டைப் பிரித்து மேசையில் பரப்பியிருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

“நீயா செஞ்ச? நீயா? அடேயப்பா!”

“பெருமைப்படாதீங்க. நாளைக்கு அவரை வரச் சொல்லி உண்மையைச் சொல்லப் போறேன்.”

மலர்ந்த முகம் சுண்டிப்போனது. “உனக்கென்ன கிறுக்கா? மெஷின் கோளாறுன்னு சொல்லிச் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போ. யாருக்குத் தெரியப் போகுது?”

அவளும் காலையிலிருந்து அதைத்தான் யோசித்திருந்தாள். நல்ல யோசனைதான். மாஸ்டருக்குக் காது கிடைக்கும், அவளுக்கு வேலை தங்கும். ஆனால் அதுவும் ‘பழகப் பழகச் சரியாயிடும்’ மாதிரி இன்னொரு பொய்தானே?

“எனக்குத் தெரியுமே,” என்றாள்.

“வேலை போகும்டி! புகார் குடுத்தான்னா உன் லைசென்ஸையே பிடுங்கிடுவாங்க.”

“போனா போகட்டும்னு சொல்ல மாட்டேன், பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லாம இருக்க முடியலை.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “எட்டு வருஷம்! எட்டு வருஷமா அந்த ஆளுக்கு ஒரு வணக்கம் வச்சதில்ல நானு, உனக்காக! என் செருப்பு தேஞ்சதெல்லாம் வீணா? நீ பாட்டுக்கு ஒரே ராத்திரியில விட்டுட்டேன்னு வந்து நிக்கிற. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் அவ்வளவு நிஜமாக ஏமாந்துபோயிருந்தார். “உங்க பங்கை நீங்களே வச்சுக்குங்க,” என்றாள். அவர் பூட்டைப் பார்த்தபடி, “எனக்கு மட்டும் அதை வச்சுக்கிட்டு என்ன வேலை?” என்று முணுமுணுத்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை மறுபடி எடுத்தார்.

கடைக்குப் போனதும் முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர்கிட்டயே குடுங்க. அவர் புகார் குடுத்தா நான் உங்களுக்காகப் பேச முடியாது,” என்றார். நியாயம்தான். எழுதினாள். பிறகு மாஸ்டர் வீட்டுக்குப் போன் செய்தாள். மாஸ்டரின் மனைவிதான் எடுத்தாள்.

“எதுக்கும்மா இனிமே? அவர் மெஷினையே கழட்டி டப்பாவுல போட்டுட்டார்.”

“அக்கா, டப்பாவோட கூட்டிட்டு வாங்க. நாளைக்குக் காலையில. எப்படியாவது.”

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். மாஸ்டர் மெலிந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவை மேசையில் வைத்து, “திருப்பி எடுத்துக்கப் போறியா?” என்று கேட்டார். அவள் மெஷினை எடுத்து அவர் காதில் மாட்டினாள், சொல்வது முழுக்க அவருக்குக் கேட்க வேண்டும் என்று. பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

“மாஸ்டர், உங்க தலைக்குள்ள ஒண்ணும் கெடலை. காதும் மேற்கொண்டு கெடலை, ஆர்கனும் கெடலை. நான்தான் மெஷினைப் பாதி வேலையோட குடுத்தேன். தெரிஞ்சே குடுத்தேன். ஆர்கன் நடுங்குதுன்னு நீங்க சொன்னப்ப, பழகினா சரியாயிடும்னு சொன்னது பொய்.”

மாஸ்டர் அவளையே பார்த்தார். “எதுக்கும்மா?” என்றாள் அவர் மனைவி.

அவள் சொன்னாள். ஆபரேஷன், பின்வரிசை, தகர டப்பா, வாசல் எல்லாம். எட்டு வருஷமாக மனசுக்குள் ஆயிரம் தடவை பேசிப் பார்த்த பேச்சு. சொல்லும்போது ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அதுதான் ஆச்சரியம்.

மாஸ்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “எனக்கு ஞாபகம் இல்லை,” என்றார். “ஆனா சொல்லியிருப்பேன். என் வாய் அப்படித்தான்.”

அவ்வளவுதான். அவர் தலைகுனிவார், கண்கலங்குவார் என்றெல்லாம் அவள் எத்தனை விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள்! அவர் முகம் சிவந்துகொண்டு வந்தது.

“நான் வாயில வந்ததைச் சொன்னேன். நீ நல்லா யோசிச்சுக் கையால செஞ்சிருக்க.”

“ஆமா மாஸ்டர்.”

“மூணு மாசம்! எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். ஒரு சின்னப் பொண்ணை அழ வச்சேன். பாட்டே வேணாம்னு பயிற்சி அறைச் சாவியை நாளைக்குப் போதகர்கிட்ட குடுக்க இருந்தேன். நீ இங்க உக்காந்துக்கிட்டு...”

“ஆமா.”

‘நீங்கள் என்னை அழவைத்ததற்கு யார் பதில் சொல்வது’ என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள். விழுங்கும்போது முன்போலக் கசக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

“நீங்க சொன்னதை நான் விட்டுட்டேன் மாஸ்டர். அதுக்குப் பதிலா எதுவும் கேக்க வரலை. நான் செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வரச் சொன்னேன்.” எழுதிய காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். “இதுல எல்லாம் எழுதியிருக்கு. நீங்க புகார் குடுக்கலாம். முதலாளிக்கும் தெரியும்.”

மாஸ்டர் காகிதத்தை எடுத்துப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இது என்கிட்ட இருக்கட்டும். என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியலை. மன்னிச்சுட்டேன்னு உடனே சொல்ல என்னால முடியாதும்மா. சொன்னா அது பொய்.”

“எனக்கு எட்டு வருஷம் ஆச்சு மாஸ்டர். நீங்க அவசரப்படாதீங்க.”

“எட்டு வருஷமா!” என்றாள் மாஸ்டரின் மனைவி. “இவருக்கு இப்பவே அறுபத்தெட்டும்மா!”

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அறையின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. காதுக்காரம்மா எழுந்து அட்டையை எடுத்து வந்தாள். முதல் வரி காலியாக இருந்தது.

“உங்களுக்கு எதைக் கேக்கணும்னு ரொம்ப ஆசை?”

“இப்பக் கேக்குறியா?”

“அன்னிக்கே கேட்டிருக்கணும்.”

பாட்டு என்பார் என்று நினைத்துப் பேனாவை அட்டையில் வைத்துவிட்டிருந்தாள். “பின்வரிசை,” என்றார் மாஸ்டர். “முன்வரிசையில நல்லாப் பாடுறவங்க நிப்பாங்க, அவங்களை ஊரே கேக்கும். பின்வரிசை என்ன பாடுதுன்னு எனக்குத்தான் கேக்கணும். அங்க ஒருத்தர் சறுக்கினா மொத்தமும் சறுக்கும்.”

அவள் அப்படியே எழுதினாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, விசில் தடுப்பை எடுத்துவிட்டு, பாட்டுக்கான அமைப்பை வைத்தாள். மேல் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தாள். ஐந்து நிமிஷ வேலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

“பொத்தானை ஒரு தடவை அழுத்துங்க. இப்ப போன்ல ஒரு ஆர்கன் போடுறேன்...”

“போன்ல வர்றதெல்லாம் சத்தமா? ஆள் பாடணும். ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பாடினாத்தான் எனக்குத் தெரியும்.”

காதுக்காரம்மா மாஸ்டரின் மனைவியைப் பார்த்தாள்.

“என்னைப் பாக்காதே தாயி. நான் பாடினா அவருக்கு இருக்கிற காதும் போயிடும்.”

அறையில் வேறு யாரும் இல்லை. காதுக்காரம்மா கழுத்தைத் தடவிக்கொண்டாள். இந்த மனுஷருக்கு முன்னால், இந்தக் குரலில்! ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் பாடாமல் மெஷின் சரியா என்று தெரியாது, தெரியாமல் அவரை நாளைக்கு அனுப்ப முடியாது. அவள் மூச்சை இழுத்து, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினாள். குரல் கரகரத்தது. நடுவில் ஒரு இடத்தில் உடைந்தது. விடாமல் பிடித்து மூச்சு தீரும் வரைக்கும் இழுத்தாள்.

மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வலது கையை உயர்த்தினார்.

“இறங்குது,” என்றார். “அரை ஸ்வரம் கீழ.”

“ஐயோ, உங்க வாய்ல...” என்று அவர் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். “இப்பக்கூடவா! அந்தப் பொண்ணு இவ்வளவு சொன்ன பிறகும்...”

“ஏய், சும்மா இரு! கேக்குதுடி!” மாஸ்டர் கண்ணைத் திறந்தார். கண் நிறைந்திருந்தது. “கீழ இருக்கிறது எனக்குக் கேக்குதுடி! நடுங்கலை. அப்படியே நிக்குது. அரை ஸ்வரம் கீழன்னு எனக்குத் தெரியுது!”

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். காதுக்காரம்மா அவரைப் பார்த்தபடி நின்றாள். இப்படி ஒரு வார்த்தைதான் அவளை அன்றைக்கு வாசலுக்கு அனுப்பியது. அதே கை, அதே வாய். இப்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்றால் சாதாரணச் சந்தோஷம் இல்லை, அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

மாஸ்டர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னொரு தடவை பாடு.”

“கீழதான் வரும் மாஸ்டர்.”

“வரட்டும். எனக்குக் கேக்கணும்.”

அவள் பாடினாள். கீழேதான் வந்தது.